வள்ளம் இழுக்கும் சில்லுகளும் எங்கள் கராஜும்

ஜனவரி நீண்ட வாரவிடுமுறையில் மெல்பேர்ணிலிருந்து கிப்ஸ்லாந்துப் பக்கம் கார் ஓடியவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். வீதியோரத்தில் ஒரு வள்ளம், ட்ரெய்லரோடு, ஒரு பக்கம் சரிந்து நிற்கும். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் கறுத்துப்போன அச்சுத்தண்டு மட்டும் தெரியும். காரும் இருக்காது, ஆட்களும் இருக்க மாட்டார்கள். சாமான் தேடிப் பக்கத்து ஊருக்குப் போயிருப்பார்கள். லோங் வீக்கெண்டில் கடை எங்கே திறந்திருக்கும்?

அந்தச் சாமான் விற்பதுதான் என் தொழில். வள்ளம் ஏற்றும் ட்ரெய்லரின் சில்லுகளைத் தாங்களே சேர்விஸ் செய்கிறவர்களுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். கேக், சாரி, நகை, டியூஷன் என்று வீட்டிலிருந்து தொழில் செய்யும் எங்கள் பெண்களைப் பற்றி நிறைய வாசித்திருப்பீர்கள். பேரிங் விற்கிறவளைப் பற்றி வாசித்திருக்க மாட்டீர்கள். கோயிலில் ஒரு மாமி, "நீர் இப்ப என்ன பிள்ளை செய்யிறீர்?" என்று கேட்டால் நான் "ஒன்லைன் பிஸ்னஸ்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். விளக்கத் தொடங்கினால் பூசை முடிந்துவிடும்.

நான் இங்கேயே பிறந்தவள். தமிழ் எழுதப் பழகியது சனிக்கிழமைப் பள்ளியில். படிப்பு முடிந்து, டண்டெனோங் பக்கம் பேரிங் விற்கும் கடையொன்றில் கணக்கு வேலைக்குப் போனேன். ஆள் பற்றாக்குறையில் கவுண்டரில் நிற்கச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் நின்றேன். அங்கேதான் இந்தத் தொழில் பிறந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குக் கடை பூட்டுவோம். நாலேமுக்காலுக்கு ஒருவர் ஓடி வருவார். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் துருவும் கிரீஸும் கலந்த ஏதோ ஒரு வளையம். "இதே மாதிரி இரண்டு வேணும், விடியக் காலமை மீன் பிடிக்கப் போறன்." துருவைத் துடைத்தால் நம்பர் தெரியாது. அவருக்கும் தெரியாது. அளந்து, தேடி, எடுத்துக் கொடுப்போம். அடுத்த நாள் காலையில் அவரே திரும்பி வருவார், "சீலும் வேணுமாம்." பிறகு "மூடியும் உடைஞ்சு போச்சு." ஒரு சில்லுக்கு மூன்று பயணம். இவர்களுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு முதலே அனுப்பினால் என்ன என்று தோன்றியது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன், சில்லு ஏன் கழருகிறது என்று சொல்ல வேண்டும். வள்ளமே இல்லாதவர்களுக்கும் இது பிடிக்கும். என் மகனுக்கு எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தை இதை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன்.

ட்ரெய்லரின் அச்சுத்தண்டு சுற்றுவதில்லை. அதன் நுனியில் மாட்டியிருக்கும் ஹப் என்ற இரும்புக் குடம்தான் சுற்றுகிறது. குடத்துக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேரிங். ஒவ்வொன்றிலும் கூம்பு வடிவ உருளைகள் வரிசையாக இருக்கும். இந்த வகைக்கு ஹென்றி டிம்கன் 1898இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார். இன்றைக்கும் பெரிய மாற்றமில்லை. நல்ல கிரீஸ் இருந்து தண்ணீர் புகாமல் இருந்தால் வருஷக்கணக்காக உழைக்கும்.

ஆனால் வள்ளத்தின் ட்ரெய்லரை நாங்கள் தண்ணிக்குள் இறக்குகிறோம். அதுவும் எப்போது? ஒரு மணித்தியாலம் ஹைவேயில் ஓடி, ஹப் சூடேறி, உள்ளே இருக்கும் காற்று விரிந்திருக்கும் நேரத்தில். கடல் தண்ணீர் குளிர். ஹப் சட்டென்று குளிர, உள்ளே காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியே இருப்பதை உறிஞ்சும். சீலின் உதடு கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், உப்புத்தண்ணீர் உள்ளே. பிறகு வள்ளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறு மாதம் வேலியோரம் நிறுத்திவிடுவோம். அந்த ஆறு மாதத்தில் உருளைகள் துருப்பிடிக்கும். அடுத்த கோடையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது துருப்பிடித்த உருளை சூடேறி, கிரீஸ் உருகி வழிந்து, பேரிங் நொறுங்கி, சில்லு தனியே ஓடும். 

எதிரே வருகிற காருக்குள் யார் இருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. விக்டோரியாவில் இப்படியான சின்ன ட்ரெய்லர்களுக்கு வருஷாந்தப் பரிசோதனை கிடையாது. சொந்தக்காரர் பார்த்தால்தான் உண்டு.

அதனால்தான் படகுத் துறைக்குப் போனதும் உடனே இறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் ஹப்பை ஆறவிடச் சொல்கிறோம். அந்த நேரத்தில் கயிறு கழட்டலாம், சாமான் ஏற்றலாம், பிள்ளைகளுக்கு லைஃப் ஜக்கெட் போடலாம். கரம் பக்கம் பற்றர்சன் ஆற்றுத் துறையில், மெல்பேர்ண் கப் கிழமை ஸ்னப்பர் மீன் காலத்தில், பின்னால் நிற்கும் வரிசையைக் கண்டால் ஒருவரும் இதைச் செய்ய மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆறவிடுகிற இடம் வரிசைக்கு வெளியே, கார் நிறுத்துமிடத்தில் என்று நான் கிட்டோடு வைக்கும் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

இப்போது பெட்டி. ஒரு சில்லுக்கு உள் பேரிங் ஒன்று, வெளிப் பேரிங் ஒன்று, இரண்டுக்கும் உரிய கப், தண்ணீர் புகாத மரீன் சீல், மூடி, ஸ்பிளிட் பின் இரண்டு, கிரீஸ் ஒரு பை. ஸ்பிளிட் பின் ஏன் இரண்டு? நட்டுக் கழராமல் குறுக்கே போட்டு மடக்குகிற சின்னக் கம்பிதான் அது. ஒருமுறை மடக்கினதை நிமிர்த்தித் திரும்பப் போடக்கூடாது, முறியும். முதல் தடவை செய்கிறவர் கட்டாயம் ஒருமுறை மடக்கிய பிறகு, "ஐயோ, வொஷரைப் போடேல்லை" என்று கழட்டுவார். சில சதம் பெறுமதியான கம்பிக்காக ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பழையதையே போடக்கூடாது என்றுதான் இரண்டு.

கப் வேண்டாம், பேரிங் மட்டும் அனுப்புங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கப் ஹப்புக்குள் இறுகி இருக்கும். தட்டிக் கழட்டுவது கஷ்டம். ஆனால் பழைய கப்பில் துருப்புள்ளி இருந்தால் புது உருளைகளை அது அரத்தால் தேய்க்கிற மாதிரித் தின்றுவிடும். இரண்டும் சோடி. நான் பிரித்து விற்பதில்லை. அதனால் சில வியாபாரம் போகிறது, போகட்டும்.

அவுஸ்திரேலியாவில் இந்தப் பேரிங்குகளுக்கு இருக்கும் பெயர்கள் ஒரு தனிக் கதை. ஒரு வகைக்குப் பெயர் "ஹோல்டன்", மற்றதற்கு "ஃபோர்ட்". பழைய கார்களின் ஹப் அளவுகளை ட்ரெய்லர் செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டதால் வந்த பெயர். ஃபோர்ட் 2016 ஒக்டோபரிலும் ஹோல்டன் 2017 ஒக்டோபரிலும் இந்த நாட்டில் கார் செய்வதை நிறுத்திவிட்டன. ஹோல்டன் என்ற பெயரே இப்போது புதுக் காரில் இல்லை. ஆனால் என் கராஜில் அது ஒவ்வொரு நாளும் உச்சரிக்கப்படுகிறது.

எல்லாத் தலையிடியும் இந்த இரண்டு பெயரால்தான். ஹோல்டன் வகையின் உள் பேரிங் எல்.எம். 67048, அச்சுத்தண்டில் அது இருக்கும் இடத்தின் விட்டம் 31.75 மில்லிமீற்றர். ஃபோர்ட் வகையில் எல். 68149, விட்டம் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர். வெளிப் பேரிங் ஒன்றில் 19, மற்றதில் 22. ஃபோர்ட் வகை கொஞ்சம் கூடப் பாரம் தாங்கும். ஆனால் இரண்டு வகையிலும் கப்பின் வெளி அளவு ஒன்றுதான்! ஹப்பை வெளியே இருந்து பார்த்து எந்த வகை என்று சொல்லவே முடியாது. சில்லு மாட்டும் ஸ்டட்டுகளின் அமைப்புக்கும் இதே இரண்டு பெயர்களை வைத்திருக்கிறார்கள், அதற்கும் பேரிங்குக்கும் சம்பந்தமில்லை. ஹோல்டன் ஸ்டட் அமைப்புள்ள ஹப்புக்குள் ஃபோர்ட் பேரிங் இருக்கலாம். "எனக்கு ஹோல்டன் தான், சில்லைப் பார்த்தேன்" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் நான் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "சேர், மூடியைக் கழட்டி நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்பேன். நம்பர் அழிந்திருந்தால் வேர்னியர் அளவுகோலால் தண்டை அளக்கச் சொல்வேன். போட்டோ இல்லாமல் முதல் தடவை வாங்குபவருக்கு நான் பெட்டி அனுப்புவதில்லை.

கடையை நடத்துபவரோடு பேசலாமா என்று என் குரலைக் கேட்டதும் கேட்பவர்கள் முன்பு நிறைய. இப்போது குறைவு. பேசலாமா என்று கேட்டவர்களிடம் "உங்கள் தண்டு 39 ரவுண்டா, 45 சதுரமா?" என்று கேட்டுவிட்டால் அடுத்த கேள்வி வராது.

தானே செய்ய விரும்புகிறவருக்கு இது கஷ்டமான வேலையா என்றால், இல்லை. ஊத்தையான வேலை. ட்ரெய்லரைக் காரில் கொளுவியபடியே வைத்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை போட்டு, ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிற நேரம் இன்னும் கவனம். பழைய கப்பைப் பின்னால் இருந்து தட்டி எடுத்து, ஹப்பை வடிவாகக் கழுவி, புதுக் கப்பைச் சுற்றிவரச் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். பழைய கப்பையே மேலே வைத்துத் தட்டலாம். அது அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும், "டொக் டொக்" என்று இருந்தது "டிங்" என்று கேட்கும். இந்தச் சத்தத்தை எழுத்தில் விளக்கத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது.

கிரீஸை மேலே பூசினால் போதாது. உள்ளங்கையில் ஒரு கட்டி வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவால் மறுபக்கம் வெளியே வரும்வரை ஏற்ற வேண்டும். மா குழைத்த கை இருந்தால் லேசாக வரும். கடைசியாக நட்டு: சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் இறுக்குகிற அளவுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து ஸ்பிளிட் பின் துளை பொருந்தும் இடம்வரை கொஞ்சம் தளர்த்த வேண்டும். துளிபோல ஆட்டம் இருக்க வேண்டும். பலசாலிகள் இங்கேதான் கெடுப்பார்கள். ஸ்பானரால் முழுப் பலத்தோடு இறுக்கினால் புதுப் பேரிங் முதல் பயணத்திலேயே எரிந்துபோகும்.

பிரேக் இருக்கும் ட்ரெய்லர் வேறு கதை. சில்லுகளில் இறங்கும் பாரம் 750 கிலோவுக்கு மேல் போனால் இந்த நாட்டில் பிரேக் கட்டாயம். 2000 கிலோவுக்கு மேல் எல்லாச் சில்லிலும் பிரேக் வேண்டும், ட்ரெய்லர் கழன்றால் தானாகப் பிடிக்கும் அமைப்பும் வேண்டும். நான் பிரேக் பாட் விற்கிறேன். ஹைட்ரோலிக் குழாய், சிலிண்டர் உட்பாகம் விற்பதில்லை. அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொல்கிறேன். விற்றால் நல்ல இலாபம் என்று என் கணவர் சொல்வார். ஆனால் பேரிங் பழுதாகத் தொடங்கினால் சத்தம் வரும், சூடு வரும், கையில் தெரியும். பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தால், பிரேக் பிடிக்கும்வரை தெரியாது.

போன வருஷம் டிசம்பரில் ஒரு தமிழ்த் தம்பி கோல் எடுத்தார். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். முந்தின மாதம் பழைய வள்ளம் ஒன்று வாங்கியிருக்கிறார். நாலு குடும்பம் சேர்ந்து லேக்ஸ் என்ட்ரன்ஸில் கேபின் புக் பண்ணியிருக்கிறார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம், மறுநாள் விடிய வெளிக்கிட வேண்டும். "வீட்டுக்கே வந்து எடுக்கிறன் அக்கா, இரண்டு கிட் எடுத்து வையுங்கோ." வழக்கம்போல் போட்டோ கேட்டேன். அனுப்பினார். தண்டில் உள் பேரிங் இருக்கும் இடம் நீலமாக இருந்தது. பக்கத்தில் நகம் சிக்குகிற ஆழத்தில் சுற்றிவரக் கோடு.

இரும்பு நீலமாவது சூட்டால். அந்தக் கோடு, பேரிங்கின் உள் வளையம் தண்டில் இருக்காமல் தானும் சேர்ந்து சுற்றியதால் வந்தது. அந்தத் தண்டில் புதுப் பேரிங் போட்டாலும் இறுகி நிற்காது. தண்டு பலமிழந்தும் இருக்கும்.

"தம்பி, இதுக்குக் கிட் சரிவராது. அச்சே மாத்த வேணும்."

"அதுக்கு இப்ப நேரமில்லை அக்கா. போய்வந்து மாத்திறன். நீங்கள் கிட்டை மட்டும் தாங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்."

"காசுக்காகச் சொல்லேல்லை. நான் தரமாட்டன்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. "நாங்கள் தமிழாக்கள், நீங்கள் ஒரு உதவி..." என்று தொடங்கினார். அது எனக்குக் கோபத்தை வரவழைத்தது, உண்மையைச் சொன்னால். வள்ளத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கோ, அங்கே வாடகைக்கு எடுக்கலாம், பிள்ளைகளுக்கு ஜெட்டியிலிருந்து தூண்டில் போடவே போதும் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டார். அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. நான் தராவிட்டால் வேறு கடையில் கேள்வி கேட்காமல் கொடுப்பார்கள், அது அவருக்கும் தெரியும்.

மார்ச் மாதம் அதே நம்பரிலிருந்து மெசேஜ் வந்தது. புது அச்சின் போட்டோ, மினுங்கிக்கொண்டு. கீழே ஒரு வரி: "இப்ப தருவீங்களோ?" இரண்டு கிட் அனுப்பினேன். டிசம்பரில் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

தொழில் பக்கம் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஏ.பி.என். எடுத்து, தனிநபர் வியாபாரமாகத்தான் தொடங்கினேன். வருஷ விற்பனை 75,000 டொலரைத் தொட்டால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பொருள் பொறுப்புக் காப்புறுதியை முதல் பெட்டி விற்பதற்கு முன்பே எடுங்கள். சில்லோடு சம்பந்தப்பட்ட சாமானில் இதில் சிக்கனம் பிடிக்க முடியாது. 2011இலிருந்து நடைமுறையில் இருக்கும் அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி, விற்கிற பொருள் சொன்ன வேலைக்குப் பொருந்த வேண்டும். "விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படாது" என்று பலகை மாட்டித் தப்ப முடியாது. மலிவான பேரிங்குகளும் சந்தையில் உண்டு. நான் இரண்டு தரம் வைத்திருந்தேன், இப்போது ஒன்றுதான். விலை கூட என்று எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

என் அப்பா பருத்தித்துறைக்காரர். முதல் பெட்டிகளை வீட்டு மேசையில் அடுக்கியபோது அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கட ஊரில வள்ளத்தை ஆக்கள்தான் பிடிச்சு இழுக்கிறது. கீழ உருட்டுறதுக்கு மரக்கட்டை. அதுக்கு ஏது பேரிங்?" என்றார். பிறகு, "கிரீஸ் பூசுறதுக்கோ உன்னை யூனிவர்சிட்டிக்கு அனுப்பினனான்?" என்றும் கேட்டார். சிரித்துக்கொண்டு கேட்டாலும் சிரிப்பு இல்லை அதில். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சீல்களை எண்ணத் தொடங்கினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று சத்தமாகத்தான் எண்ணுவார். என் மகள் அவருக்குப் பக்கத்திலிருந்து ஸ்பிளிட் பின்களைப் பைகளில் போடுவாள். தமிழ்ப் பள்ளியில் இருபதுக்கு மேல் தடுமாறுகிற பிள்ளை, அம்மப்பாவோடு சேர்ந்து இருநூறுவரை போய்விடுவாள், "தொண்ணூறு", "தொள்ளாயிரம்" மட்டும் இன்னும் சண்டை.

மகனுக்கு வேர்னியர் பைத்தியம். வீட்டில் அளக்காத பொருள் இல்லை. பாடசாலை நாட்களில் இருவருக்கும் கராஜ் தடை. சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. சம்பளம் வங்கிக் கணக்கில் போகிறது. சுத்தியலும் ஜக்கும் இருவருக்கும் கிடையாது. பெட்டி கட்டுவது, லேபிள் ஒட்டுவது, எண்ணுவது மட்டும். மகள் கட்டிய பெட்டியை மகன் திறந்து சரிபார்ப்பான், மகன் கட்டியதை மகள். பிழை பிடித்தால் ஒரு டொலர். இந்த ஏற்பாட்டில் பிழைகள் குறைந்தன, சண்டைகள் கூடின.

உங்கள் வீட்டு வேலியோரம் ஒரு ட்ரெய்லர் நிற்குமானால், இந்த வாரவிடுமுறையில் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். அரிசி அரைக்கிற மாதிரி கரகரவென்று கேட்டாலோ, சில்லின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தாலோ, அதை ஒக்டோபர்வரை விடாதீர்கள். ஒக்டோபரில் எல்லாரும் ஒன்றாகக் கேட்பார்கள். அதற்காக ஜூன் மாதமே நான் சாமான் இறக்கிவிடுவேன். இப்போது கராஜ் கூரைவரை பெட்டிகள். கணவரின் கார் நாலு கிழமையாக வெளியே மழையில் நிற்கிறது.